முதுகில் இருந்த ஆறு

தோட்டத்துச் செங்கல் சுவரின் முகப்பில், மலைப்பாறை போலத் தெரிய, இருநூற்றுப் பன்னிரண்டு கல் வில்லைகளை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம்தான். தினமும் வெயில் காய வரும் ஓணான், "வணக்கம் மலையண்ணே!" என்று ஏழு முறை தலையாட்டும். மூன்றாம் வரிசைக் கல் ஒன்றுக்கு அதில் தனிப் பெருமை.

ஒருநாள் பின்னாலிருந்த செங்கல் சொன்னது: "தம்பி, நீ நழுவுறே. கொத்தனார் என்னை நனைக்காமலே உன்னை ஒட்டிட்டார், கலவை பிடிக்கலை. தோட்டக்காரர் கண்ணில் படுற மாதிரி கொஞ்சம் விலகிக் காட்டு. சரிபண்ணிடுவார்."

"மெல்லப் பேசுங்க! நான் மலையில்லைன்னு ஓணானுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

மறுநாள் மழையில் கல் புல்மேல் குப்புற விழுந்தது. ஓணான் ஓடிவந்தது.

"பார்க்காதே, நான் வெறும் வில்லை," என்று கல் முனகியது.

"சும்மா இருங்கண்ணே," என்றது ஓணான்.

கலவை ஒட்டாத அந்த முதுகில், அந்தக் கல் வெறும் மணலாய்க் கிடந்த காலத்தில் ஓடிய ஓர் ஆறு விட்டுப்போன அலைவரிகள் பதினொன்று அப்படியே இருந்தன.

தோட்டக்காரர் வந்து எடுத்தார். வரிகளை விரலால் தடவினார். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினார்.

அன்று ஓணான் வெகுநேரம் சுவரெதிரே நின்றது. வரிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை.