ஊழியர் குடும்பத்துக்கு இலவசம்

"முடியாதுன்னா முடியாது. ரயில்லயே போ."

சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான் கணவன். அவள் கையிலிருந்த பால் புட்டியை நங்கென்று மேடையில் வைத்தாள்.

"ரயில்னா நடுவுல இறங்கி மாறணும். மூணு மணி நேரம் பிளாட்பாரத்துல கிடக்கணும். மூணு வயசு ஒண்ணு, ஒன்றரை வயசு ஒண்ணு, ரெண்டு பெட்டி. எனக்கு என்ன எட்டுக் கையா இருக்கு?"

"போர்ட்டர் வெச்சுக்கோ."

"போர்ட்டர் பெட்டியைத் தூக்குவான். ஓடற பிள்ளையைப் பிடிப்பானா?"

அவன் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தான்.

அவள் அக்காவுக்கு ஆபரேஷன். பத்து நாள் கூட இருக்க ஆள் வேண்டும். கணவனுக்கு லீவு கிடையாது. விமானத்தில் போக வசதி கிடையாது. ஆனால், அக்கா ஊருக்கு நேராகப் போகிற பஸ் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. ஆறு வருஷமாக புக்கிங் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடியும்போது அக்கா வீட்டுத் தெருமுனையில் இறங்கலாம். ஊழியர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம் வேறு.

அந்த ஒரு தடவையைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறாள்.

"அக்காவே போன்ல கேக்கறா, 'உன் வீட்டுக்காரர் பஸ்தானே எங்க தெருமுனையில நிக்குது, அதுல வாயேன்'னு. நான் என்ன பதில் சொல்றது? நாங்க ஏறினா உங்க பஸ் அழுக்காயிடுமா? இல்ல, இதுதான் என் பொண்டாட்டின்னு காட்ட வெக்கமா இருக்கா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே." சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மதியம் வரை பொறுத்துப் பார்த்தாள். பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். தண்ணீரைக் கொட்டிய பெரியவனை ஒரு அடி அடித்தாள். அவன் அழுததும் தானும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி, சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலாளியிடமே கேட்டுவிட வேண்டியதுதான்.

ஆபீஸில் முதலாளி இல்லை. கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். தோளில் தூங்குகிற குழந்தை. காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"ரயிலா, பஸ்ஸான்னு ஒரே குழப்பமா இருக்குண்ணே. இதுங்களை வெச்சுக்கிட்டு தனியாப் போறேன்."

"யோசிக்கவே வேணாம்மா." கணவனின் குரலில் தேன் வழிந்தது. "கைக்குழந்தையோட போய் யாராவது ரயில்ல அல்லாடுவாங்களா? எங்க பஸ்ல ஏறிப் படுத்துட்டீங்கன்னா தொட்டில் மாதிரி. கீழ் பெர்த்தே போட்டுத் தரேன்."

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ரொம்ப நல்லாருக்கு! வர்றவங்க போறவங்க பிள்ளைக்கெல்லாம் தொட்டில், நீங்க பெத்ததுக்கு மட்டும் பிளாட்பாரமா?"

காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து, அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் பார்சல் அறைக்குள் கூட்டிப் போனான்.

"கையை விடுங்க! இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

"கத்தாதே. அங்க பாரு." ஜன்னலைக் காட்டினான்.

பின்பக்கம் அக்கா ஊருக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. பக்கத்துக் குழாயில் தலையைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார் டிரைவர். நிமிர்ந்தபோது கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"ராத்திரி முழுக்க ஓட்டிக் காலையிலதான் வந்து சேர்ந்தார். பகல்லயும் தூங்க விடாம உள்ளூர் ட்ரிப் அனுப்பறாங்க. சாயங்காலம் திரும்ப இவரேதான் எடுக்கணும். இன்னியோட நாலாவது நாள். மாத்து டிரைவரை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. போன வாரம் ஓட்டும்போதே கண் அசந்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. மணல்மேடா இருந்ததால தப்பிச்சாங்க. வெளியில தெரியாம அமுக்கிட்டாங்க."

அவன் ஜன்னலைச் சாத்தினான்.

"அதுல உங்க மூணு பேரையும் ஏத்தி விட்டுட்டு, நான் எப்படிடி வீட்டுல படுத்துத் தூங்குவேன்?"

மூன்று நாள் கோபமும் பொசுக்கென்று அடங்கிப்போயிற்று. இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம்?

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வாயில எது நிக்கும்? நாலு பேருக்குத் தெரிஞ்சா மறுநாளே என் வேலை போயிடும்."

"நான் ரயில்லயே போறேங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சின்னவளின் கன்னத்தைத் தட்டிவிட்டு கவுன்ட்டருக்குப் போனான்.

அவள் வெளியே வந்தபோது, அந்த இளம்பெண் கையில் டிக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் உங்க வீட்டுக்காரர்தானே? உங்களை மட்டும் ஏன் இந்த பஸ்ல போக வேணாங்கறார்? வண்டியில ஏதாவது கோளாறா?"

கவுன்ட்டரில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அவன் தலை நிமிரவில்லை.

இளம்பெண்ணின் தோளில் கிடந்த குழந்தை தூக்கத்திலேயே உதட்டைச் சப்பியது. இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சேச்சே! வண்டிக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றாள். "எனக்குத்தான் பஸ் ஒத்துக்காது."