வெள்ளையா வருதாக்கா?

“கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட பேசுற பேச்சாம்மா இது?”

சௌந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தாள்.

எதிர் வீட்டு வாசலில் மரியசெல்வம் நின்றிருந்தான். கையில் வெள்ளைக் கோல், தோளில் பினாயில் பாட்டில்கள் நிறைந்த பை. தானே தயாரித்து, திருப்பாதிரிப்புலியூரில் தெருத்தெருவாகத் தானே கொண்டுபோய் விற்கிற பினாயில். அவனுக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு மங்கலம். போன மாதம்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தவள்.

“இது பினாயிலா, என்னாது? பக்கெட்ல ஒரு மூடி ஊத்துனா பால் மாதிரி வெளுக்கணும். இது எண்ணெ கணக்கா மேல மெதக்குது. தரையெல்லாம் பிசுக்கு. எங்க மாமியா வழுக்கி வுழ இருந்தாங்க. எடுத்துக்கினு போப்பா, எனக்கு வேணாம்.”

மரியசெல்வத்தின் முகம் சுருங்கிப் போயிற்று.

“வாசன சரியாத்தானம்மா இருக்கு? வாசன எனக்குத் தெரியும். கையில தேச்சா பதம் தெரியும். வெள்ளையா வருதான்றது ஒண்ணுதான் தெரியாது. அத வாங்குறவங்ககிட்ட கேட்டுக் கேட்டுதான் செய்றேன். எல்லாரும் நல்லா வருதுன்னுதான் சொல்றாங்க.”

“எவங்க சொன்னாங்க?”

“நான் சொன்னேன்” என்று நடுவில் புகுந்தாள் சௌந்தரம். “மாசாமாசம் வாங்குறவ சொல்றேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத தம்பி. எனக்கு ரெண்டு பாட்டில் குடு.”

அவன் தடவி எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகும் நகரவில்லை.

“அக்கா, நாளைக்கு சிதம்பரம் போறேன். ஒரு ஆஸ்பத்திரில மாசாமாசம் நம்மகிட்டயே எடுத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. சாம்பிள் பாக்கணுமாம். அது மட்டும் கெடச்சிட்டா, என்கூட ட்ரெய்னிங் எடுத்த ரெண்டு பசங்கள வேலைக்குச் சேத்துக்கலாம். அவனுங்களுக்கும் பார்வை கெடையாது. ஒருத்தன் ரயில்ல கடலமிட்டாய் விக்கிறான், இன்னொருத்தன் வூட்ல திட்டு வாங்கிக்கினு கெடக்குறான்.” குரலைத் தாழ்த்தினான். “நெசமாவே வெள்ளையா வருதாக்கா?”

“தும்பப்பூ மாதிரி வருது தம்பி. தைரியமாப் போய்ட்டு வா.”

அவன் முகம் மலர்ந்தது. கோலைத் தட்டிக்கொண்டு அவன் தெருமுனை திரும்புகிறவரை மங்கலம் காத்திருந்தாள்.

“ஏங்க்கா பொய் சொல்றீங்க?”

“பொய்யோ நெசமோ, பிச்ச எடுக்காம ஒழச்சி சாப்புடறான். அவன் வவுத்துல அடிக்கச் சொல்றியா? ஒம் மனசு என்ன கல்லா?”

மங்கலம் உள்ளே போய்விட்டாள்.

சௌந்தரம் பாட்டில்களைக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு வரிசை, மூடி திறக்காமல் நின்றது. குளியலறைக்குக் கடையில் வாங்கிய பினாயில்தான். தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். இரக்கப்பட்டு வாங்குகிறதை எவள் ஊற்றிக் கழுவிக்கொண்டிருப்பாள்?

குழம்பு அடிப்பிடித்திருந்தது. வழக்கமாக இதற்கெல்லாம் நாள் முழுக்கப் புலம்புகிறவள் அன்றைக்குப் புலம்பவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

மறுநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நம்பர் மரியசெல்வத்தினுடையது. பேசிய குரல் வேறு.

“அம்மா, சிதம்பரத்துலேர்ந்து பேசுறேன், ஆஸ்பத்திரி ஸ்டோர். மரியசெல்வம் பக்கத்துலதான் இருக்காரு, ஸ்பீக்கர் போட்டிருக்கேன். இவரு பினாயிலு தண்ணியில கலக்கவே மாட்டேங்குதும்மா. சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. ‘பக்கெட்ல வேற ஏதாச்சும் இருந்திருக்கும், எங்க சௌந்தரம் அக்காவ கேளுங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க’ன்றாரு. இவருக்குக் குடுக்கணும்னுதான் நாங்களும் நெனச்சோம். நீங்களே சொல்லுங்க, உங்க வூட்ல வெள்ளையா வருதா?”

சௌந்தரம் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அது வந்து... மொதல்லல்லாம் நல்லாத்தாங்க வந்துச்சு.”

“இப்ப?”

“தீவாளிக்கு அப்புறம் ஊத்திப் பாத்தப்ப... பினாயில் மருந்து வாங்குற எடத்துல இவர ஏமாத்திட்டானுங்களோ என்னமோ... வெளுக்கல.”

“தீவாளிலேர்ந்தா! ஏம்மா, அப்பவே இவருகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“பார்வை இல்லாதவரு... மனசு கஷ்டப்படுவாரேன்னு...”

அந்த ஆள் வேறு யாரிடமோ, “அப்ப பழைய கம்பெனிக்கே ஆர்டர் போட்டுடு. எத்தன நாள் காத்திருக்கிறது?” என்று சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று.

“தம்பி...” என்றாள் சௌந்தரம்.

“இருக்கேங்க்கா. அவனுங்க ரெண்டு பேரும் வெளில பெஞ்சுல ஒக்காந்திருக்கானுங்க. வேல கெடச்ச மாதிரியே புதுச் சட்ட போட்டுக்கினு வந்தானுங்க. என்னான்னு போய் சொல்றதுன்னு தெரியல.”

“மன்னிச்சிடுப்பா. நல்லது நெனச்சித்தான் நானு...”

“தெரியும்க்கா. நீங்கல்லாம் ரொம்ப நல்லவங்க.”

பாட்டில்களைப் பைக்குள் அவன் திருப்பி வைக்கிற சத்தம் கேட்டது.

“அந்த எதுர் வூட்டம்மா இருக்காங்களாக்கா? போன அவங்ககிட்ட குடுங்க. இனிமே நான் அவங்களத்தான் கேக்கணும்.”