பறக்கப் போன அப்பா

“பயமா இருந்தா உட்ருங்கண்ணா. இப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டு ஊட்டுக்குப் போயிரலாம்” என்றார் ரத்தினசாமி, காரை நிறுத்திவிட்டு.

அண்ணன் திருமூர்த்தி, எதிரே இருந்த பாறைக் கரட்டின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். அங்கே சிவப்புத் துணிச் சிறகு ஒன்று விரிந்து, இரண்டு மனிதர்களை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. ஏணியில் ஏறி ஃபேன் துடைக்கவே பயப்படுகிற ஆள் அவர். நல்லூர் பனியன் கம்பெனியைத் தம்பி ரத்தினசாமி கையில் ஒப்படைத்து ஓய்வு பெற்ற மறு மாதமே, பாராகிளைடிங் போகிறேன் என்று காங்கேயம் தாண்டி வந்து நிற்கிறார். கேள்விப்பட்டால் ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

“அந்தப் பையன் இங்கதான் வேலை பாக்கறான்னு நல்லாத் தெரியுமா?”

“தெரியாமயா உங்களக் கூட்டிட்டு வந்தேன்? வீடியோவுல பாத்தனுங்கண்ணா, அதே அருண்பாண்டிதான். ஊடு எங்கன்னுதான் ஒருத்தருக்கும் சொல்றதில்லையாம். கீழ நின்னு கூப்புட்டா நம்ம மூஞ்சியப் பாத்ததும் ஓடிருவான். மேல போயிட்டா நீங்களும் அவனும் மட்டுந்தான். மனசு உட்டுப் பேசுங்க.”

கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அருண்பாண்டியோடு மகள் தரணி ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. அவனுடையது தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம், வேறு சாதி. அன்றைக்கு அரிவாளைத் தூக்கியவர் ரத்தினசாமி. தம்பி என்றும் பாராமல் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சித் தடுத்தவர் திருமூர்த்தி. அதே தம்பிதான் இப்போது மனம் மாறி, காரின் பின்சீட்டில் பட்டுச்சேலை, பூ, பழம் என்று சீர்த்தட்டு வாங்கி வைத்திருக்கிறார். பெற்றவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காக வானத்திலிருந்து குதிக்கச் சொன்னாலும் குதிக்கத் தயாராக இருந்தார்.

“நான் இங்கயே இருக்கறனுங்கண்ணா. என்னையப் பாத்தா மிரண்டுருவான்” என்று தம்பி காரிலேயே இருந்துகொண்டார்.

உச்சியில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிவிட வந்த இளைஞன் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினான்.

“ஓடிராத கண்ணு” என்றார் அவர் மெதுவாக. “பேசத்தான் வந்தேன். உன்னோட சேத்துக் கட்டிக்கிட்டுத்தானே குதிக்கப் போறேன்? கெட்ட எண்ணம் இருந்தா இப்படி வருவனா?”

அருண்பாண்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெல்ட்டை இறுக்கினான்.

“சொன்னதும் ஓடுங்க சார். நடுவுல நிக்கக் கூடாது.”

ஓடினார். தரை முடிந்துபோனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூவி அழைத்தார். கொஞ்ச நேரத்தில் காற்றின் சத்தம் மட்டும் காதில் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, காலுக்குக் கீழே தென்னந்தோப்புகளும் மாடு மேயும் காடுகளும் கிடந்தன.

“புள்ள எப்படி இருக்கறா?”

முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“நல்லாருக்கா. நிறைமாசம். பிள்ளைய நம்ம மண்ணுலதான் பெத்துக்குவேன்னு ஒரே பிடிவாதம். அதான் இந்த வேலை கத்துக்கிட்ட இமாச்சல்ல இருந்து வந்துட்டோம்.”

திருமூர்த்தி வாய்விட்டு அழுதார். நடுவானத்தில் யாருக்கு வெட்கப்பட வேண்டும்?

“என்னைய மன்னிச்சிருங்க மாப்பிள்ளை.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அருண்பாண்டியின் குரலும் உடைந்தது. “அழாதீங்க மாமா. சின்ன மாமாவுக்குப் பயந்துதான் இன்னமும் ஒளிஞ்சு கெடக்கோம்.”

“அவந்தான் என்னையக் கூட்டிட்டே வந்தான்! கீழ சீர்த்தட்டோட நிக்கறான் மாப்பிள்ளை!”

அருண்பாண்டி சிறகை இடப்பக்கம் திருப்பினான். “அந்தா, கிணத்தோரம் நீலத் தகரம் போட்ட வீடு தெரியுதா மாமா? அதுதான்.” கையோடு போன் போட்டான். “தரணி, வாசலுக்கு வந்து மேல பாரு! என்கூட இருக்கறது உங்கப்பா! சித்தப்பாவும் சீரோட வந்திருக்காக. இனிமே பயமே இல்ல புள்ள!”

நீலக் கூரைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன உருவம் வெளியே வந்து இரண்டு கைகளையும் ஆட்டியது. திருமூர்த்திக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கழுத்தில் தொங்கிய போனை எடுத்துத் தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் கீழே காட்டினார்.

“ரத்தினம், தெரியுதாடா? கிணத்தோரம், நீலத் தகர ஊடு! வாசல்ல நிக்கறது நம்ம தரணிடா!”

“தெரியுதுங்கண்ணா. அவன் உங்ககூடத்தானே இருக்கறான்?”

“ஆமாடா, எனக்குப் பின்னாடியே.”

“எப்ப எறங்குவீங்க?”

அருண்பாண்டியே சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். “காத்து நல்லாத் தூக்குது சின்ன மாமா. இப்போதைக்கு எறங்க முடியாது.”

“மெதுவாவே வாங்க” என்றார் ரத்தினசாமி. “நீங்க மறுபடியும் காலப் புடிச்சுக் கெஞ்சுவீங்கன்னுதாண்ணா உங்கள மேல ஏத்தி உட்டேன். குடும்ப மானத்த நான் பாத்துக்கறேன்.”

இணைப்பு அறுந்தது. கீழே, கார் நீலக் கூரை வீட்டை நோக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு விரைந்தது.

“எறக்குங்க மாப்பிள்ளை! ஐயோ, எறக்குங்க!”

அருண்பாண்டி வெறிபிடித்தவன்போலக் கயிறுகளை இழுத்தான். உச்சி வெயிலில் கொதித்த நிலத்திலிருந்து எழுந்த காற்று அவர்களை இன்னும் மேலே தூக்கியது. தரணியைப் போனில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவள் நிறைமாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவின் காருக்குக் கேட்டைத் திறந்துவிட ஓடிக்கொண்டிருந்தாள்.