நான்காம் மாடியில் ஒரு டம்ளர் தண்ணீர்

லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்த கணவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"வாரா வாரம் ஒரு சிரிப்புக் கட்டுரை ஒட்டுவாங்களே, இந்த வாரம் நான்தான் கிடைச்சேன். மூணாம் மாடிக்குப் புதுசா வந்தவர், தன் வீடுன்னு நினைச்சு நாலாம் மாடி வீட்டுக்குள்ள போயி, சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு 'தண்ணி கொண்டா'ன்னு அதட்டினாராம். அந்த வீட்டுக்காரர் பயந்துபோய்க் கொண்டுவந்து குடுத்தாராம்."

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் மனைவி.

"அத்தனையும் புளுகு. யார் எழுதிக் குடுத்தாலும் ஒட்டிடறதா? லிஃப்ட்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"இத்தனை நாளா தரையைத்தானே பார்த்தாங்க. நீங்களாவது ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பேசிடறீங்க. நான் பகல் முழுக்க சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

"எழுதின ஆள் மட்டும் என் கையில சிக்கட்டும்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாலாம் மாடிக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள்.

"சார், நான் உங்க வீட்டுப் படியே மிதிச்சதில்ல," என்று முந்திக்கொண்டான் கணவன்.

"அது எனக்குத் தெரியாதா சார்? ஆனா காலையிலேர்ந்து எல்லாரும் உங்களைப் பத்தி என்கிட்டதான் கேக்கறாங்க. பேரே தெரியாம நான் என்னத்த சொல்றது? சாயங்காலம் நிஜமாவே வந்துடுங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. தண்ணி என்ன, காப்பியே தர்றோம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே மாடியேறினார்கள். கணவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி கேட்டாள்:

"அடுத்த வாரம் உங்களை அஞ்சாம் மாடிக்கு அனுப்பட்டுமா?"