முதல் முழுக்கு

இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. அதற்குள் ஒருத்தரையாவது தண்ணீரில் முக்கியாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டையன் மாடிப்படி ஏறினான். பின்னால் குட்டையன் மூச்சு வாங்க வந்தான்.

ஆளைத் தீர்த்துக்கட்டப் போகிறவர்கள் இல்லை. மார்மன் சபை ஊழியக்காரர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. ஒருத்தரை முழுசாகத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்தால்தான் சபையில் சேர்த்ததாகக் கணக்கு. நெட்டையன், குட்டையன் என்பது தெருப் பையன்கள் வைத்த பட்டம்.

நெட்டையனின் இரண்டு வருஷ ஊழியம் முடியப்போகிறது. நாலு இடம் மாற்றிப் போட்டும் ஓர் ஈ காக்காகூடச் சிக்கவில்லை. அவன் அண்ணன் இதே ஊழியத்தில் பன்னிரண்டு பேரை முக்கிவிட்டு மாலை மரியாதையோடு வீடு திரும்பியவன்.

"பரவாயில்லடா, ஒருத்தராச்சும் கிடைக்காமலா போயிருவாங்க?" என்று வாராவாரம் அம்மா போனில் சொல்வாள். அந்தப் 'பரவாயில்லடா'தான் அவனைக் கொன்றது.

கடைசியாக மாற்றலாகி வந்த இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட மோசம். தட்டாத கதவு இல்லை. உள்ளே டிவி சத்தம் கேட்கும், தட்டியதும் நின்றுபோகும். ஒருத்தி மட்டும் கதவைத் திறந்து குப்பைப் பையை நீட்டினாள். "கீழதானே போறீங்க? அப்படியே போட்டுருங்க." போட்டார்கள்.

முழுசாகத் திறந்த கதவு ஒன்றே ஒன்று. நாலாவது மாடி லிஃப்ட்காரர். பெரிய ஆபீஸ் ஒன்றில் நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். இப்போது அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை.

முதல் நாளே சிரித்தார். "மேல போக வழி சொல்ல வந்தீங்களாக்கும்? ஊரையே மேல கொண்டுபோய் விட்டவன்யா நான்!" பிறகு கண்ணைச் சுருக்கிப் பெயர்ப்பட்டையைப் படித்தார். "எல்டரா? அப்படின்னா மூத்தவர்தானே? மீசையே ஒழுங்கா முளைக்கல, மூத்தவராம்! உக்காருங்க மூத்தவங்களே."

யாரென்று கேட்காமலே ஒரு கதவு திறந்தால் உள்ளே ஏதோ காரணம் இருக்கும். இருபத்தோரு வயதில் அதெல்லாம் உறைக்காது.

ஒன்பது வாரம் போனார்கள். பெரியவருக்கு மூன்று மகன்கள், மூன்று ஊரில். மனைவி போனபிறகு ஒவ்வொருத்தர் வீட்டிலும் கொஞ்சக் காலம் இருந்து பார்த்துவிட்டு, இந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவர். "மருமகளுங்க தங்கமானவங்க. வீடுதான் சின்னது" என்று மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் கொடுப்பார்.

சொன்னதை எல்லாம் கேட்டார். ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணினார். சபைக்கு ஆகாத காபி, டீயை விடச் சொன்னால் விட்டார். ஞானஸ்நானப் பேச்சை எடுத்தால் மட்டும், "அடுத்த வாரம் பாப்போம், இப்ப என்ன அவசரம்" என்று நழுவினார்.

இன்றைக்கு நெட்டையன் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, பதினோரு நாள்ல நான் வீட்டுக்குப் போயிருவேன். முழுக்கு எடுக்க இஷ்டமா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"நீயும் போறியா?" பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, முழுக்கு எடுத்துட்டா அப்புறம் இங்க யாரு வருவா?"

குட்டையனுக்குப் பொய் வராது. "நாங்க புது ஆளுங்களத் தேடிப் போகணுங்க. சபையிலேருந்து யாராச்சும் வந்து பாப்பாங்க."

"ஆமா, அப்படித்தான் சொல்வீங்க."

பெரியவர் நெட்டையனின் தேய்ந்து வளைந்த ஷூவைப் பார்த்தார். "இதுவரைக்கும் நீ எத்தனை பேரத் தம்பி சேத்திருக்க?"

"ஒருத்தரும் இல்லீங்க."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

பெரியவர் பெருமூச்சு விட்டார். "சனிக்கிழமை வச்சுக்க."

படி இறங்கும்போது குட்டையன் குதித்தான். "டேய், உங்க அண்ணன் மூஞ்சிய இப்ப பாக்கணும்டா!" நெட்டையன் போனை எடுத்து அம்மாவுக்கு, 'ஒருவர் கிடைத்துவிட்டார்' என்று மட்டும் அனுப்பினான்.

முழுக்குக்குத் தகுதியானவரா என்று பெரியவரை விசாரிக்க வந்த சபைப் பொறுப்பாளர் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். பெரியவர் பத்தே நிமிஷத்தில் டக் டக்கென்று பதில் சொல்லி முடித்துவிட்டார்.

சனிக்கிழமை சபைக் கூடத்துத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். சுற்றிலும் ஒன்பது பேர். வெள்ளை உடுப்பில் இருவரும் இறங்கினார்கள், நடுங்கியவன் நெட்டையன்தான்.

எப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள், பெரியவர் ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பற்றி, மறு கையால் மூக்கைப் பொத்தி, முழங்காலை மடக்கத் தயாராக நின்றார்.

"லிஃப்ட்காரராச்சே, கீழ இறங்கச் சொல்லித்தரணுமா!" என்று குட்டையன் மேலிருந்து சிரித்தான்.

நெட்டையன் ஜெபத்தைச் சொன்னான். முக்கினான். தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. தூக்கி நிறுத்தியதும் ஒன்பது பேரும் புன்னகை பூத்தார்கள். நெட்டையன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இரண்டு வருஷத்துச் செருப்படி எல்லாம் கரைந்து போகிற அழுகை.

பெரியவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அவன் தோளை இழுத்துக் குனிய வைத்தார். பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்து, காதோடு சொன்னார்:

"முன்ன என்னை முக்குன மூணு சபைக்காரங்களவிட நீதான் நல்லா முக்குன, தம்பி."