வரேன்

அப்பாவின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுச் சில்லு, யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் அதைத் தினமும் காலையில் அவருக்கு நினைவூட்டும்.

"விடிஞ்சா வாசல்ல உக்காந்துடறாரு. சாப்பிடக் கூப்பிட்டா, மக வரேன்னு சொல்லியிருக்காங்கிறாரு," என்றார் முதியோர் இல்லத்துச் செவிலி எஸ்தர்.

நான் எப்போது சொன்னேன்? போன முறை கிளம்பும்போது, எல்லோரையும் போல "வரேன்ப்பா" என்றேன். அதைத்தான் சில்லு வாக்காகப் பதிந்துவிட்டது. பிசகு சில்லுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் திரும்பி வரவே ஐந்து மாதமாகிவிட்டது.

இன்று கிளம்பும்போது, சில்லுக்குப் புரியட்டும் என்று, "போறேன்ப்பா" என்றேன்.

காலையில் சாப்பிட்டதுகூட நினைவில்லாத அப்பா பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"போறேன்னு சொல்லக் கூடாதும்மா. வரேன்னு சொல்லு."

சொன்னேன்.

அவர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.