பத்தாயிரத்து ஏழு ஓடுகள்

நண்பகல் வெயில் ஓட்டுத் தொழிற்சாலையின் முற்றத்தில் செங்குத்தாக விழுகிறது. எண்ணிக்கை சரியெனில் ஓடுகள் ஏதேனும் ஒரு விதத்தில் சம வரிசைகளில் அடங்கியே தீரும் என்பது மேற்பார்வையாளரின் கொள்கை. எப்படி அடுக்கியும் ஓடுகள் மிஞ்சுகின்றன. ஆகவே ஓடுகளை எண்ணிய பெண் தவறிவிட்டாள், நாளை முதல் மீண்டும் சுமை தூக்க வேண்டும் என்கிறார். நாற்பது வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்த அவள், சிமென்ட் தரையில் மண்டியிட்டுச் சுண்ணக்கட்டியால் வகுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண் எனப்படும். அவள் எண்ணிய பத்தாயிரத்து ஏழை ஏழால் வகுக்க மீதி நான்கு; பதின்மூன்றால் வகுக்க மீதி பத்து. நூற்றொன்றின் வர்க்கம் இவ்வெண்ணை விஞ்சிவிடுவதால், அதற்குக் கீழுள்ள பகா எண்களில் கடைசியான தொண்ணூற்றேழே இறுதிச் சோதனை. சுமைக்காரர்கள் சுற்றி நின்று பார்க்கின்றனர். சுண்ணக்கட்டி கிறீச்சிடுகிறது. “மீதி பதினாறு! நான் எண்ணினது சரிதாண்ணே. இது பகா எண், எப்படி அடுக்கினாலும் மிஞ்சும்.” “எப்படி அடுக்கினாலுமா?” என்கிறார் மேற்பார்வையாளர். “ஒரே வரிசையா அடுக்குங்க, மிஞ்சாது. ஆனா கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும்!” “நடுவுல ஒரு டீக்கடை போட்டுரலாம்க்கா,” என்கிறான் ஒரு சுமைக்காரன். முற்றம் அதிரச் சிரிப்பு எழுகிறது. மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் 10007 என்றெழுதிக் கையெழுத்திடுகிறார். அவள் சுண்ணக்கட்டியைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு எழுகிறாள்.